பழைய விமானப்படைச் சின்னத்தைச் செய்தவர் யார்? வன்னியில் அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

வவுனியா, செட்டிகுளம், மாங்குளம், முல்லைத்தீவுப் பக்கத்து வீடுகளில் அவ்வப்போது இறக்கை வடிவிலான பழைய உலோகச் சின்னங்கள் வெளிவருகின்றன. தறப்பாளில் சுற்றி இடம்பெயர்வுகளைத் தாண்டிக் காப்பாற்றி வந்தவை சில, கிணறு வெட்டும்போதோ தோட்டம் கொத்தும்போதோ கையில் பட்டவை சில. வைத்திருப்பவர்கள் முதலில் கேட்பது ஒன்றுதான்: "இதை யார் செய்தது?" அதைக் கண்டுபிடிக்கும் வழிகளைத் திரும்பத் திரும்பக் கேட்கப்படும் கேள்விகளை வைத்தே எழுதியிருக்கிறேன். மேற்கொண்டு வாசிக்கும் முன் ஒன்று செய்யுங்கள். சின்னத்தைக் கவிழ்த்து வையுங்கள். செய்தவரைத் தேடும் வேலை பின்பக்கத்தில்தான் இருக்கிறது.

வன்னிக்கு இப்படியான சின்னங்கள் எப்படி வந்தன?

இரண்டாம் உலகப் போர்க்காலத்தில் வவுனியாவில் பிரித்தானிய அரச விமானப்படையின் தளம் இருந்தது. இன்று இலங்கை விமானப்படையின் வவுனியா முகாம் இருக்கிறதே, அந்த இடத்தின் கதை அங்கேதான் தொடங்குகிறது. 1942 ஏப்ரல் 5ஆம் தேதி கொழும்பையும் 9ஆம் தேதி திருகோணமலையையும் ஜப்பானிய விமானங்கள் தாக்கிய பிறகு இலங்கையின் வான் பாதுகாப்பு வேகமாகப் பெருக்கப்பட்டது. 22ஆம், 89ஆம், 217ஆம் படைப்பிரிவுகள் வவுனியாவில் இருந்து பறந்திருக்கின்றன. போஃபோர்ட், போஃபைட்டர் என்ற இரட்டை இயந்திர விமானங்கள் இந்தக் காட்டுக்கு மேலே வந்துபோயின.

அந்தப் படைப்பிரிவுகளில் பிரித்தானியர் மட்டும் இருக்கவில்லை. அவுஸ்திரேலியர், கனடியர், நியூசிலாந்தர் எல்லோரும் கலந்து பறந்தார்கள். அதனால் வவுனியாவில் கிடைத்த சின்னம் என்றால் பிரித்தானியச் சின்னமாகத்தான் இருக்க வேண்டும் என்று முடிவு கட்டாதீர்கள். மெல்பேர்ணில் செய்த சின்னமும் நொச்சிமோட்டையில் கிடைக்கலாம்.

இன்னொரு வழியும் உண்டு. லண்டன், ரொறன்ரோ, ஜேர்மனி என்று போன நம் ஆட்கள் அங்கே பழைய பொருள் சந்தையில் வாங்கி ஊருக்கு அனுப்பியவை. இவற்றுக்கும் வன்னிக்கும் போர்க்காலத் தொடர்பு எதுவும் இல்லை. எந்த வழியால் வந்தது என்பதை முதலில் வீட்டில் விசாரியுங்கள்.

செய்தவர் பெயரை எங்கே தேட வேண்டும்?

பின்பக்கத்தில், நான்கு இடங்களில். ஊசியின் அடித்தகடு, ஊசியைப் பிடிக்கும் கொக்கிக்கு அருகில், இறக்கையின் நடுப்பகுதி, கடைசியாக விளிம்பு. எழுத்து ஒரு மில்லிமீட்டர் உயரம்கூட இருக்காது. நகைக்கடைக்காரர் வைத்திருக்கும் பத்து மடங்கு பூதக்கண்ணாடி போதும். கைத்தொலைபேசிக் கமராவும் உதவும், ஆனால் வெளிச்சம் பக்கத்தில் இருந்து விழ வேண்டும். நேர் வெளிச்சத்தில் மங்கிய முத்திரை மறைந்துவிடும். காலை எட்டு மணி வெயிலில் யன்னல் ஓரத்தில் சாய்த்துப் பிடித்தால் இராத்திரி தெரியாத எழுத்து தெரியும்.

நான்கு குட்டி முத்திரைகள் வரிசையாக இருக்கின்றன. சிங்கம் ஒன்று, நங்கூரம் ஒன்று, ஆங்கில எழுத்துகள். இது என்ன?

உங்களுக்கு அதிர்ஷ்டம். அது பிரித்தானிய வெள்ளி முத்திரை வரிசை. அதை ஒழுங்காக வாசித்தால் ஊர், ஆண்டு, செய்தவர் மூன்றும் கிடைக்கும்.

ஒரு காலைத் தூக்கி நடக்கும் சிங்கம், உலோகம் ஆயிரத்துக்கு 925 பங்கு வெள்ளி என்று சொல்கிறது. நங்கூரம், வெள்ளியின் தரத்தைச் சோதித்து முத்திரை குத்தும் பர்மிங்ஹாம் சோதனை அலுவலகத்தின் அடையாளம். சிறுத்தைத் தலை என்றால் லண்டன். மூன்று கதிர்க்கட்டும் வாளும் என்றால் செஸ்டர். பிரித்தானியாவின் பட்டன், பதக்கம், சின்னத் தொழில் பெரும்பாலும் பர்மிங்ஹாமில் குவிந்திருந்ததால் நங்கூரத்தைத்தான் அதிகம் பார்ப்பீர்கள்.

தனியாக நிற்கும் ஒற்றை எழுத்து ஆண்டைக் குறிக்கும். பர்மிங்ஹாம் வரிசையில் பெரிய எழுத்து 'கியூ' 1940, 'எஸ்' 1942, 'வி' 1945. எழுத்து மாறியது ஆண்டு நடுவில் என்பதால் 'எஸ்' 1943 முற்பகுதியையும் குறிக்கலாம். இதில் ஒரு பொறி இருக்கிறது. சுமார் இருபத்தைந்து ஆண்டுக்கு ஒருமுறை எழுத்துகள் மீண்டும் 'ஏ'யில் இருந்து தொடங்கும். அதனால் எழுத்தை மட்டும் பார்த்துப் போதாது, அதன் வடிவத்தையும் அதைச் சுற்றியுள்ள கேடயக் கோட்டையும் அந்த ஊரின் ஆண்டெழுத்து அட்டவணையோடு ஒப்பிட வேண்டும்.

மிச்சம் இருக்கும் இரண்டு, மூன்று முதலெழுத்துகள்தான் செய்தவர். அல்லது, சரியாகச் சொன்னால், சோதனைக்கு அனுப்பி முத்திரை வாங்கிய நிறுவனம். ஒரே முதலெழுத்துகளைப் பல நிறுவனங்கள் வைத்திருந்தன. எழுத்துக்கு இடையில் புள்ளி உண்டா, சட்டத்தின் வடிவம் சதுரமா நீள்வட்டமா என்பதெல்லாம் இங்கே முக்கியம். அவசரப்பட்டுப் பிரபலமான பெயரைப் பொருத்திவிடாதீர்கள்.

வெறுமனே 'ஸ்டெர்லிங்' என்று மட்டும் இருக்கிறது. நங்கூரமும் இல்லை, சிங்கமும் இல்லை.

'ஸ்டெர்லிங்' என்றால் அதே 925 வெள்ளிதான். அமெரிக்கச் சின்னமாக இருக்கலாம். அங்கே பிரித்தானியாவைப் போல அரச சோதனை அலுவலக முறை கிடையாது. செய்த நிறுவனமே 'ஸ்டெர்லிங்' என்று குத்திவிடும், பக்கத்தில் தன் பெயரையும் போடும். நியூயோர்க் என்.எஸ். மேயர், மசச்சூசெட்ஸ் எல்.ஜி. பல்ஃபர், அமிக்கோ, ஜொஸ்ரன் போன்றவை அடிக்கடி வரும் பெயர்கள். அமெரிக்க விமானி இறக்கையின் முழு அளவு மூன்று அங்குலம், ஏறக்குறைய 76 மில்லிமீட்டர். அளந்து பாருங்கள்.

லண்டன் ஜே.ஆர். கோண்ட் பெயர் அமெரிக்க இறக்கையின் பின்னால் இருந்தால் குழம்ப வேண்டாம். பிரித்தானியாவில் இருந்த அமெரிக்க விமானிகளுக்காக அந்த நிறுவனம் செய்து கொடுத்திருக்கிறது. பிரித்தானியாவில் செய்த சிறிய வெள்ளிப் புரூச்சுகளிலும் முழு முத்திரை வரிசை இல்லாமல் 'சில்வர்' அல்லது 'ஸ்டெர்லிங்' மட்டும் இருப்பது வழமைதான். விமானிகள் தாய்க்கும் காதலிக்கும் வாங்கி அனுப்பிய குட்டி இறக்கைகள் அவை. சீருடையில் குத்துவதற்கானவை அல்ல.

எந்த எழுத்தும் இல்லை. அப்படியென்றால் போலியா?

இல்லை. இந்தக் கேள்விக்குத்தான் நான் அதிகம் மெனக்கெட்டுப் பதில் சொல்கிறேன், ஏனென்றால் பெயர் இல்லை என்று தெரிந்ததும் நல்ல பொருளைப் பிள்ளைகளுக்கு விளையாடக் கொடுத்துவிடுகிறார்கள்.

பிரித்தானிய விமானப்படையினர் சீருடையின் மார்பில் அணிந்த பறப்புச் சின்னம் துணியில் தைத்தது. அதில் செய்தவர் பெயர் பெரும்பாலும் இருக்காது. விமானிக்கு இரண்டு இறக்கை. மற்றவர்களுக்கு ஓர் எழுத்தும் ஒற்றை இறக்கையும்: 'ஓ' என்றால் அவதானிப்பாளர், 1942இல் இருந்து 'என்' என்றால் வழிகாட்டுநர், 'ஏ.ஜி.' என்றால் துப்பாக்கிவீரர். எங்கள் மாரிமழையில் இந்தத் துணி எத்தனை நாள் தாங்கும்? மண்ணுக்குள் போனால் உக்கிவிடும்.

மண்ணில் மிஞ்சுவது உலோகம். அதிகாரிகளின் தொப்பிச் சின்னத்தில் மாலையைச் சரிகையால் தைத்து, நடுவில் பொன்முலாம் பூசிய உலோகப் பறவையை வைத்திருப்பார்கள். துணியும் சரிகையும் போய்ப் பறவை மட்டும் கிடைத்தால் "இது என்ன பொம்மைக் கழுகு?" என்று தோன்றும். பின்பக்கத்தில் தைப்பதற்கோ பூட்டுவதற்கோ வளையம் இருக்கிறதா என்று பாருங்கள். ஏனைய படையினரின் தொப்பிச் சின்னம் பித்தளை: மாலை, கிரீடம், நடுவில் ஆர்.ஏ.எஃப். (பிரித்தானிய அரச விமானப்படையின் ஆங்கிலச் சுருக்கம்) என்ற எழுத்துகள். போரின்போது உலோகத்தை மிச்சம் பிடிக்க பிளாஸ்ரிக்கிலும் செய்தார்கள். அவற்றில் வோல்சோல் நகரத்து ஏ. ஸ்ரான்லி அண்ட் சன்ஸ் பெயர் இருப்பதுண்டு. பிளாஸ்ரிக் என்பதற்காக எறிந்துவிடாதீர்கள், அது உண்மையான போர்க்காலப் பொருள்.

செய்தவர் பெயர் நிச்சயம் வேண்டும் என்றால் சின்னத்தோடு கிடைத்த பட்டன்களைத் தேடுங்கள். கழுகும் கிரீடமும் உள்ள பித்தளைப் பட்டனின் பின்பக்கத்தில் ஃபேர்மின், கோண்ட், ஸ்மித் அண்ட் ரைற், பட்டன்ஸ் லிமிடெட் போன்ற பெயர்கள் வட்டமாக ஓடும். பட்டன் நிறுவனமும் சின்னம் செய்த நிறுவனமும் ஒன்றாகத்தான் இருக்க வேண்டும் என்றில்லை. ஆனாலும் காலத்தையும் நாட்டையும் உறுதிப்படுத்த அது நல்ல சாட்சி.

பெயர் இல்லாதபோது வேலைப்பாட்டை வைத்து எப்படிக் கண்டுபிடிப்பது?

மூன்று விதமான வேலை உண்டு.

அச்சில் அடித்தது: எஃகு அச்சுக்குள் தகட்டை வைத்து அழுத்தியது. இறகின் கோடுகள் கூர்மையாக, நுனிவரை போகும். பின்பக்கம் ஒன்றில் வழவழப்பாக இருக்கும், அல்லது முன்பக்கத்து மேடு பின்னால் பள்ளமாகத் தெரியும். பெரிய நிறுவனங்களின் வேலை இது.

வார்த்தது: மூல சின்னத்தில் இருந்து அச்சு எடுத்து உலோகத்தை ஊற்றியது. பூதக்கண்ணாடியில் பார்த்தால் அப்பத்தின் நடுவில் இருப்பதுபோலச் சிறு துளைகள் தெரியும். இறகுகள் மழுங்கியிருக்கும், விளிம்பில் அரம் போட்ட கீறல் இருக்கும். உருகிய உலோகம் ஆறும்போது சுருங்குவதால் மூலத்தைவிட அளவு சற்றுக் குறையும். அச்சில் அடித்ததாகத் தெரிந்த ஒரு வகைச் சின்னம் வார்ப்பாக உங்கள் கையில் இருந்தால் சந்தேகப்படுங்கள். முத்திரையும் சேர்ந்தே வார்க்கப்பட்டிருக்கும். அப்போது எழுத்தின் ஓரம் கரைந்ததுபோல் இருக்கும்.

கையால் செய்தது: இதுதான் நம் பக்கத்துக்கு மிக முக்கியம். இந்தியா, பர்மா, சீனப் போர்முனைக்கு வந்த விமானிகள் உள்ளூர் வெள்ளி வேலைக்காரர்களிடம் இறக்கை செய்வித்துக்கொண்டார்கள். கல்கத்தா போன்ற நகரங்களில் சரிகையாலும் வெள்ளியாலும் செய்தவை இன்று சேகரிப்பாளர்களிடம் தனி வகையாகவே இருக்கின்றன. தகட்டை வெட்டி, உளியால் இறகு கீறி, கொக்கியைக் கம்பியில் வளைத்துப் பற்றாசு வைத்து ஒட்டியிருப்பார்கள். இடது இறக்கையும் வலது இறக்கையும் ஒன்றுபோல் இருக்காது. இதைக் குறை என்று எண்ணாதீர்கள். ஒரு மனிதன் பட்டறையில் உட்கார்ந்து செய்தான் என்பதற்கான கையெழுத்தே அதுதான்.

இப்படியான சின்னம் இருந்தால் வவுனியாவிலோ யாழ்ப்பாணத்திலோ வயதான பொற்கொல்லர் ஒருவரிடம் கொண்டுபோய்க் காட்டுங்கள். பற்றாசு வைத்த விதம், கொக்கி வளைத்த விதம், அரம் போன திசை இதையெல்லாம் அவர் கண் பிடிக்கும். வெளிநாட்டுச் சேகரிப்பாளர்கள் எழுதிய வழிகாட்டிகளில் கிடைக்காத அறிவு அது. செய்தவரின் பெயர் தெரியாமல் போகலாம், ஆனால் எந்த ஊர் மரபில் பழகிய கை என்று நெருங்க முடியும். எனக்கு அதுவே பெரிய விடயம்.

ஊசியைப் பார்த்துக் காலம் சொல்லலாமா?

ஓரளவு சொல்லலாம். வளைத்த கம்பிக் கொக்கி பழைய முறை. ஆனால் கைவேலைக்காரர்கள் அதைப் பிற்காலத்திலும் விடவில்லை. பின்னால் இரண்டு முள், அவற்றில் அழுத்திப் பூட்டும் வண்ணத்துப்பூச்சி வடிவப் பூட்டு இருந்தால் அது 1940களில் அமெரிக்காவில் பரவிய முறை. முதலாம் உலகப் போர்ச் சின்னம் என்று ஒருவர் விற்கும் பொருளில் அந்தப் பூட்டு இருந்தால் வாங்காதீர்கள். பழைய சின்னத்தில் ஊசி உடைந்து புதிது வைத்தவையும் உண்டு. அப்படியானால் பழைய பற்றாசின் தழும்பு பக்கத்தில் தெரியும்.

கிரீடத்தின் வடிவம் எதையாவது சொல்லுமா?

ஆம். கிரீடத்தின் வளைவுகள் மேலே குவிந்து உருண்டையாக நின்றால் அது 1950களின் தொடக்கம் வரை பயன்பட்ட அரசர் காலத்துக் கிரீடம். வளைவுகள் நடுவில் பள்ளமாக இறங்கினால் எலிசபெத் அரசி காலம், அதாவது 1953ஐ ஒட்டியும் அதற்குப் பின்னும். வவுனியாத் தளத்தின் போர்க்காலச் சின்னம் என்றால் முதல் வகைதான் இருக்க முடியும். சார்ள்ஸ் அரசர் 2022இல் மறுபடியும் உருண்டைக் கிரீடத்தைத் தேர்ந்துகொண்டதால், இனிமேல் வரும் புதுச் சின்னங்களைப் பழையவை என்று நினைத்து ஏமாறக்கூடாது.

இலங்கையின் சொந்த விமானப்படை 1951இல் அரச இலங்கை விமானப்படையாகத் தொடங்கியது. 1972இல் குடியரசானபோது 'அரச' என்ற அடைமொழியும் கிரீடமும் போயின. இடைப்பட்ட இருபத்தொரு ஆண்டுச் சின்னங்களைப் பிரித்தானியச் சின்னம் என்று பலர் நினைக்கிறார்கள். எழுத்துகளைக் கவனமாக வாசியுங்கள். இவை எங்கள் நாட்டுக்குள்ளேயே அரிதாகிவிட்டவை.

வெள்ளியா, முலாம் பூசியதா என்று உரைக்காமல் தெரிந்துகொள்ளலாமா?

உரைகல்லில் உரைக்கவே வேண்டாம். காந்தத்தை அருகே கொண்டுபோங்கள். ஊசி மட்டும் ஒட்டினால் பரவாயில்லை, ஊசி எஃகு. முழுச் சின்னமும் ஒட்டினால் உள்ளே இரும்பு.

அப்புறம் அடர்த்தி பாருங்கள். நகைக்கடைத் தராசில் முதலில் சின்னத்தை நிறுங்கள். பிறகு தண்ணீர்க் கிளாஸ் ஒன்றைத் தராசில் வைத்துப் பூச்சியமாக்குங்கள். சின்னத்தை நூலில் கட்டி, கிளாசின் அடியையும் பக்கத்தையும் தொடாமல், முழுதாக மூழ்கும்படி தொங்க விடுங்கள். இப்போது தராசு காட்டும் எண்ணால் முதல் நிறையை வகுக்க வேண்டும். சின்னம் 20.8 கிராம், தண்ணீரில் காட்டியது 2.0 என்றால் விடை 10.4. அது 925 வெள்ளிக்குப் பொருந்தும். பித்தளை எட்டரைக்குக் கிட்ட வரும், நாகம் ஏழு, அலுமினியம் மூன்றுக்குக் கீழே. எனாமல் பூசியதற்கும், உள்ளே காற்று அடைபட்ட பொள்ளல் சின்னத்துக்கும் இந்தக் கணக்கு சரிவராது. துணி ஒட்டியிருந்தால் தண்ணீர்ப் பக்கமே கொண்டுபோக வேண்டாம்.

கறுத்துப் போயிருக்கிறது. பழப்புளி போட்டுத் தேய்க்கலாமா?

தயவுசெய்து வேண்டாம். பழப்புளி, தேசிக்காய், சாம்பல், பிராசோ எதுவும் வேண்டாம். குத்துவிளக்கு அடிக்கடி மினுக்கப்படும் பொருள், அதன் தகடும் தடிப்பு. சின்னத்தின் முத்திரையோ மயிரளவு ஆழம்தான். இரண்டு தரம் தேய்த்தால் செய்தவர் பெயர் போய்விடும், பொன்முலாமும் போய்விடும். பிறகு யாராலும் மீட்க முடியாது. மண் ஒட்டியிருந்தால் சுத்தமான தண்ணீரில் மென்மையான தூரிகையால் தட்டி எடுங்கள், உடனே ஒற்றி உலர்த்துங்கள். ஊசி துருப்பிடித்திருந்தால் தையல் மெஷின் எண்ணெய் ஒரு துளி. இறப்பர் வளையத்தால் கட்டி வைக்காதீர்கள், அதில் உள்ள கந்தகம் வெள்ளியை இன்னும் கறுப்பாக்கும்.

ஜேர்மன் விமானிச் சின்னம் ஒன்று இருக்கிறது. உண்மையானதா?

ஜேர்மன் விமானப்படை வன்னியில் இருக்கவில்லை. ஆகவே அது பிற்காலத்தில் யாராவது கொண்டுவந்ததுதான். பேர்லின் சி.ஈ. யுங்கர், லூடன்ஷைட் அஸ்மன் போன்ற செய்பவர் பெயர்கள் போலிகளிலும் குத்தப்பட்டிருக்கும், ஏனென்றால் உலகச் சந்தையில் அதிகம் போலி செய்யப்படும் சின்னங்களில் இவையும் சேரும். முத்திரையை நம்பாமல் வேலைப்பாட்டைப் பாருங்கள். சுவஸ்திகா உள்ள பொருளைப் பகிரங்கமாகக் காட்டுவது ஜேர்மனியில் குற்றமாகலாம். அங்குள்ள உறவினருக்குப் படம் அனுப்பி முகநூலில் போடச் சொல்லாதீர்கள்.

உள்நாட்டுப் போர்க்காலச் சின்னங்களை அடையாளம் காட்ட முடியுமா?

அவற்றை நான் எடுத்துக்கொள்வதில்லை. தடைசெய்யப்பட்ட இயக்கத்தின் அடையாளங்களை வைத்திருப்பதும் படம் போடுவதும் சட்டச் சிக்கலில் கொண்டுபோய் விடும். அதோடு அந்தக் காயம் இன்னும் ஆறவில்லை. அப்படி ஏதும் கையில் இருந்தால் முதலில் நம்பகமான சட்டத்தரணி ஒருவரிடம் பேசுங்கள்.

மெட்டல் டிடெக்டர் வாங்கித் தேடலாமா?

கூடாது. வன்னி மண்ணில் மிதிவெடியும் வெடிக்காத குண்டும் இன்னும் கிடக்கின்றன. கண்ணிவெடி அகற்றிய காணியிலும் எச்சரிக்கை வேண்டும். விமானத்தளச் சுற்றாடல் பாதுகாப்பு வலயம். அனுமதி இல்லாமல் தொல்பொருள் தேடித் தோண்டுவது குற்றம். தோட்டம் கொத்தும்போது சின்னம் தானாக வந்தால் எடுங்கள். அதன் பக்கத்தில் உருளையாகவோ கூம்பாகவோ ஏதும் தெரிந்தால் சின்னத்தையும் விட்டுவிட்டு விலகி, பொலிசுக்கு அறிவியுங்கள்.

பின்பக்கத்தில் ஒரு பெயரும் இலக்கமும் கையால் கீறியிருக்கிறது. இவர்தான் செய்தவரா?

பெரும்பாலும் அணிந்தவர். கருவியால் குத்திய முத்திரையின் எழுத்துகள் ஒரே ஆழத்தில் நேராக இருக்கும். ஊசியாலோ கத்தி நுனியாலோ கீறியது வளைந்து போகும். இலக்கம் அவருடைய சேவை இலக்கமாக இருக்கலாம்.

இப்படி ஒன்று கிடைத்தால் செய்தவரைத் தேடுவதை ஒதுக்கி வைத்துவிட்டு இந்த மனிதரைத் தேடுங்கள். பொதுநலவாயப் போர்க் கல்லறை ஆணைக்குழுவின் பெயர்ப்பட்டியலை யாரும் இலவசமாகத் தேடலாம். திருகோணமலையில் நிலாவெளி வீதியில் உள்ள போர்க் கல்லறையில் அந்தக் காலத்து விமானப்படையினர் அடக்கம் செய்யப்பட்டிருக்கிறார்கள். பெயர் பொருந்தினால் அந்த ஆணைக்குழுவுக்கோ லண்டன் ஹென்டனில் உள்ள விமானப்படை அருங்காட்சியகத்துக்கோ எழுதலாம். பிள்ளையின் ஒரு சட்டையையாவது தேடித் திரிந்த தாய்மாரை வன்னியில் நாம் அறிவோம். கடல் கடந்த குடும்பத்துக்கும் அந்த ஆவல் இருக்கும்.

விலை எவ்வளவு போகும்?

செய்தவர், காலம், நிலை, கூடவரும் சான்று இந்த நான்கையும் பொறுத்தது. வெள்ளி நிறைக்கு உருக்கக் கொடுத்தால் மட்டும் நிச்சயம் நட்டம்.

வேறொருவரிடம் காட்டிக் கேட்க எப்படிப் படம் எடுப்பது?

வெள்ளைத் தாளில் வையுங்கள், பக்கத்தில் மில்லிமீட்டர் அடிமட்டம். ஃபிளாஷ் வேண்டாம். முன்பக்கம், பின்பக்கம், ஊசி, கொக்கி, முத்திரை இருக்கும் இடம் மிகக் கிட்டத்தில், விளிம்பு பக்கவாட்டில். நிறையையும் அடர்த்தியையும் எழுதுங்கள். யார், எந்தக் காணியில், எப்போது கண்டெடுத்தார்கள் என்பதை வீட்டில் மூத்தவரிடம் கேட்டு அவர் சொன்னபடியே எழுதுங்கள். இடப்பெயர்வில் பத்திரங்களும் படங்களும் போன வீடுகளில் அம்மம்மாவின் வாய்வார்த்தைதான் மிஞ்சியிருக்கும் சான்று. அவர் சொன்னதையும் நீங்கள் ஊகிப்பதையும் கலக்காமல் தனித்தனியாகக் குறியுங்கள், சின்னத்தைக் கைமாற்றும்போது அந்தத் தாளையும் சேர்த்தே கொடுங்கள்.